டார்ட்மூரில் பாழடைந்த ஒரு கல் ஆலையின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. அங்கே டார்ட், டெயின், வாக்கம், மீவி போன்ற ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் நடந்தால், கூரை போன கருங்கல் சுவர்களும் தண்ணீர்ச் சக்கரம் சுழன்ற, பாசி பிடித்த சக்கரக்குழியும் அடிக்கடி கண்ணில் படும். பக்கத்து ஊரில் விசாரித்தால் மூன்று பதில் வரும். “டூம்ஸ்டே காலத்து மில்”, அதாவது 1086-இல் எடுத்த நிலக் கணக்கிலேயே இருப்பது என்பார் ஒருவர். “மடத்துத் துறவிகள் கட்டியது” என்பார் இன்னொருவர். மூன்றாமவர் “அது மில்லே இல்லை, வெள்ளீயம் உருக்கிய இடம்” என்பார். மூன்றும் ஒரே சுவரைப் பற்றித்தான்.

இப்படிப்பட்ட ஓர் ஆலையின் பின்னால் நானும் அலைந்தேன். எனக்குப் பெரும்பாலும் நேரம் போனது ஆவணம் கிடைக்காததால் அல்ல. எதை முதலில் பார்ப்பது, எங்கே கேட்பது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாகச் சொல்ல யாரும் இல்லாததால்தான். எக்ஸிட்டர், பிளிமத் பக்கம் குடிவந்து, இப்படி ஓர் இடிபாட்டின் மேல் ஆர்வம் கொண்ட தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு மாவட்டத்தில் இருப்பவர்களுக்கும் காப்பகங்களின் பெயர் மாறுமே தவிர, வழி கிட்டத்தட்ட இதுதான்.

ஒரு விதியை மட்டும் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள்: இன்றிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். 1086-இல் தொடங்கி முன்னோக்கி வந்தால், யாருடைய மில்லின் கதையையோ உங்கள் சுவருக்கு ஒட்டிவிடுவீர்கள்.

1. வீட்டிலிருந்தே இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

செலவு: எதுவும் இல்லை. காலம்: ஒரு வார இறுதி போதும்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே போட்ட இங்கிலாந்தின் பழைய வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் 25 அங்குல வரைபடத்தை (ஒரு மைலுக்கு ஏறக்குறைய 25 அங்குலம்) திறவுங்கள். டார்ட்மூர்ப் பகுதிக்கு இதன் முதல் பதிப்பு 1880-களைச் சேர்ந்தது. ஒவ்வொரு கட்டடமும், சுவரும், வாய்க்காலும் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரிய வரைபடம் அது. பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு.

கட்டடத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘கார்ன் மில்’ என்று இருந்தால் அப்போது மாவு அரைத்துக்கொண்டிருந்தது. ‘ஓல்ட் மில்’ அல்லது ‘டிஸ்யூஸ்டு’ என்று இருந்தால் சர்வே எடுத்தபோதே நின்றுவிட்டது. ஒன்றுமே எழுதாமல் வெறும் கட்டமாக இருந்தால், அதற்கும் முன்பே பாழாகியிருக்கலாம்.

அப்புறம் தண்ணீரைத் தேடுங்கள். ஆற்றில் தடுப்பணை எங்கே, அங்கிருந்து பிரியும் வாய்க்கால் எந்த வழியாக வருகிறது, சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியேறும் தண்ணீர் எங்கே மறுபடி ஆற்றில் சேர்கிறது. டெவனில் இந்த வாய்க்காலை ‘லீட்’ என்பார்கள். காப்பகப் பட்டியல்களில் தேடும்போது இந்தச் சொல் இல்லாமல் பாதி ஆவணங்கள் அகப்படாது. தரை உயரத்தை லேசர் மூலம் அளந்த லைடார் படங்களை அரசின் சுற்றுச்சூழல் முகமை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. மரமும் புதரும் மூடிய பழைய லீட் அதில் கோடு போட்டதுபோலத் தெரிந்துவிடும்.

கடைசியில், வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைக் குறிக்கும் கிரிட் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். டார்ட்மூரின் பெரும்பகுதிக்கு அது எஸ்.எக்ஸ். என்று தொடங்கும். எட்டு இலக்கமாவது வேண்டும்.

எச்சரிக்கை: பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே ஓடையில் ஒரு மைலுக்குள் மேல் மில், நடு மில், கீழ் மில் என்று மூன்று இருக்கும். நடத்துபவர் மாறினால் பெயரும் மாறும். ஒரு மில் மூடப்பட்டதும் அதன் பெயரைப் பக்கத்து மில் எடுத்துக்கொள்வதும் உண்டு. உங்களிடம் உறுதியாக இருக்க வேண்டியது கிரிட் எண்தான்.

2. ஏற்கெனவே என்ன பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள்

ஒவ்வொரு பகுதிக்கும் ‘ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ரெக்கார்ட்’ என்ற தொல்லியல் பதிவேடு உண்டு. டார்ட்மூருக்கு அதை வைத்திருப்பது மாவட்ட நிர்வாகம் அல்ல, தேசியப் பூங்கா ஆணையம். பூங்கா எல்லைக்கு வெளியே என்றால் டெவன் கவுன்ட்டி கவுன்சில். இந்த எல்லையைச் சரிபார்க்காமல் எழுதினால் கடிதம் அங்கும் இங்கும் சுற்றும். பதில் வரச் சில வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஆர்வத்தில் தேடுவதாகச் சொன்னால் பொதுவாகக் கட்டணம் கேட்பதில்லை. வணிகத் தேடலுக்குத்தான் கட்டணம்.

கூடவே பாரம்பரியச் சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் தேசியப் பாரம்பரியப் பட்டியலையும் பாருங்கள், அதுவும் இலவசம். உங்கள் இடம் சட்டப் பாதுகாப்புப் பெற்ற ‘ஷெட்யூல்டு’ நினைவுச்சின்னமா, ‘லிஸ்டட்’ கட்டடமா என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

பதிவேட்டில் ஒரு வரி கிடைத்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். அந்த வரிக்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள். ‘இடைக்கால மில் எனக் கருதப்படுகிறது’ என்ற வரி ஓர் உள்ளூர்ச் சிறுநூலிலிருந்து வந்திருக்கும். அந்தச் சிறுநூலோ ஒரு பழைய வழிகாட்டி நூலைப் பார்த்து எழுதப்பட்டிருக்கும். நான்கு இடத்தில் அச்சாகியிருந்தாலும் அது ஒரே ஆளின் ஊகம்தான்.

3. அனுமதி வாங்கிக்கொண்டு களத்துக்குப் போங்கள்

செலவு: நில உரிமையாளரைத் தேட 7 பவுண்ட்.

டார்ட்மூரின் பொது மேய்ச்சல் நிலங்களில் நடக்க 1985-ஆம் ஆண்டின் டார்ட்மூர் காமன்ஸ் சட்டம் எல்லோருக்கும் உரிமை தருகிறது. ஆனால் மில் இடிபாடுகள் பல, ஆற்றோரத்தில் வேலியடைத்த தனியார் நிலத்துக்குள் இருக்கின்றன. பொது நடைபாதையிலிருந்து பார்க்கலாம், படம் எடுக்கலாம். வேலியைத் தாண்ட அனுமதி வேண்டும்.

உரிமையாளர் யாரென்று தெரியவில்லையென்றால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் அந்த நிலத்தின் உரிமைப் பதிவை 7 பவுண்டுக்கு இணையத்தில் வாங்கலாம். அதற்கான வரைபடம் வேண்டுமென்றால் இன்னொரு 7 பவுண்ட். அரசுத் தளத்திலேயே வாங்குங்கள். தேடுபொறியில் மேலே வரும் தனியார் தளங்கள் சில, இதே பதிவை எடுத்துக் கொடுக்கப் பல மடங்கு கேட்கும். தலைமுறைகளாகக் கைமாறாத பண்ணை நிலம் இன்னும் பதிவாகாமலே இருக்கலாம். அப்போது ஊர்மன்றமான பாரிஷ் கவுன்சிலின் கிளார்க்குக்கு எழுதுங்கள், அல்லது பக்கத்துப் பண்ணையில் நேரில் கேளுங்கள். நேரில் கேட்பதுதான் பெரும்பாலும் வேகமான வழி. பழைய பத்திரக் கட்டு யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்பதும் அங்கேதான் தெரியவரும்.

போவதற்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. கோடையில் பிராக்கன் பெரணி ஆளுயரத்துக்கு வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும், உண்ணியும் அதிகம். குளிர்காலத்தில் பெரணி காய்ந்து படுத்துவிடுவதாலும் வெயில் சாய்ந்து விழுவதாலும் லீட்டின் கரை தெளிவாகத் தெரியும். மழைக்கு மறுநாள் மட்டும் போகாதீர்கள். டார்ட்மூர் ஆறுகள் சில மணி நேரத்தில் ஏறிவிடும்.

கொண்டுபோக வேண்டியவை: 25 அங்குல வரைபடத்தின் அச்சுப் பிரதி, நீள அளவு நாடா, அளவு தெரியப் படத்தில் வைக்க ஒரு கோல், நோட்டு, பென்சில்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மண்ணைத் தோண்டாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள், பாசியைச் சுரண்டாதீர்கள். ஷெட்யூல்டு இடத்தில் அனுமதியின்றி வேலை செய்வதும், உரிமம் இல்லாமல் உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்துவதும் 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சுவர் இடுக்கில் வௌவால் தங்கியிருந்தால் அதைக் கலைப்பதும் குற்றமே. சக்கரக்குழிக்குள் தனியாக இறங்கவே வேண்டாம். இலைச் சருகு மூடியிருக்கும், ஆழம் தெரியாது.

4. அது என்ன ஆலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடுபவர்கள்தான் அதிகம். டார்ட்மூரில் தண்ணீர்ச் சக்கரம் சுற்றிய இடமெல்லாம் மாவு மில் அல்ல. ஆலையின் வகை தவறினால், பிறகு நீங்கள் தேடும் ஆவணத் தொகுதியும் தவறிவிடும். மாவு மில் என்றால் மேனர் எனப்படும் நிலப்பிரபுவின் பண்ணைக் கணக்குகளிலும் குத்தகைப் பத்திரங்களிலும் இருக்கும். வெள்ளீயம் சம்பந்தப்பட்டது என்றால் ஸ்டானரி எனப்படும் வெள்ளீயச் சுரங்க நீதிமன்றப் பதிவுகளில் தேட வேண்டும். சாக்ஃபர்ட், ஆஷ்பர்ட்டன், டாவிஸ்டாக், பிளிம்ப்டன் ஆகியவை டெவனின் ஸ்டானரி ஊர்கள்.

தரையில் கிடக்கும் கற்களைப் பாருங்கள். கிண்ணம் போன்ற குழிகள் அருகருகே விழுந்த கருங்கல் தென்பட்டால் அது தாதுவை இடித்த உரல்கல். செவ்வகத் தொட்டிபோல் குடைந்த கல் இருந்தால், உருகிய வெள்ளீயத்தை ஊற்றிக் கட்டியாக்கிய அச்சுக்கல். இவை இருந்தால் அந்த இடம் வெள்ளீய ஆலை. உருக்கு உலை இருந்த கட்டடத்தை இங்கே ‘புளோயிங் ஹவுஸ்’ என்பார்கள். வாக்கம் ஆற்றின் மேல் மெரிவேலில் இருக்கும் அப்படிப்பட்ட ஓர் இடத்தை டார்ட்மூர் டின்வொர்க்கிங் ரிசர்ச் குரூப் 1990-களில் அகழ்ந்து பார்த்தது.

வட்டக் கல் கிடந்தால்? அதை வைத்து மாவு மில் என்று சொல்லிவிட முடியாது. வெள்ளீயத் தாதுவை நுணுக்க அரைத்த ‘கிரேசிங் மில்’ கற்களும் வட்டம்தான். டெவன் பண்ணைகளில் சைடருக்காக ஆப்பிள் நசுக்கிய கல்லும் வட்டம்தான். ஆனால் அது படுத்துச் சுழலாமல், வட்டத் தொட்டிக்குள் நின்றபடி உருண்டது. மலைச்சரிவிலேயே செதுக்கி, உடைந்ததால் கைவிட்ட எந்திரக்கற்களும் மூரில் கிடக்கின்றன. அவை எந்த மில்லையும் பார்த்ததே இல்லை. ஒரே கல்லாக இல்லாமல், பல துண்டுகளைப் பொருத்தி இரும்பு வளையம் மாட்டிய கல் என்றால் அது பாரிஸ் பக்கத்திலிருந்து வந்த பிரெஞ்சு பர். வெள்ளை மாவு அரைக்க அதை வாங்கினார்கள். அங்கே மாவு மில் ஓடியது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் அந்தக் கல்லின் வயதுதான் கட்டடத்தின் வயது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

துணி ஆலையும் இருந்திருக்கலாம். நெய்த கம்பளித் துணியைத் தண்ணீரில் அடித்துக் கெட்டியாக்கும் ஆலையை டெவனில் ‘டக்கிங் மில்’ என்பார்கள். அதன் அருகில் துணியை இழுத்துக் காயவைக்கத் திறந்த சரிவு இருக்கும். துணியை இழுத்துக் கட்டிய சட்டம்தான் ‘ராக்’. வயல் பெயரில் ‘ராக் பார்க்’, ‘ராக் குளோஸ்’ என்று வந்தால் இங்கே துணி ஆலை இருந்ததோ என்று சந்தேகப்படுங்கள். போஸ்ட்பிரிட்ஜ் அருகே இருக்கும் பவுடர்மில்ஸ், 1844-இல் தொடங்கிய வெடிமருந்து ஆலை. அதன் கட்டடங்கள் தடித்த சுவர்களும் சக்கரக்குழிகளுமாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். வெடித்தால் மற்றது தப்ப வேண்டும் என்பதற்காக அப்படி.

ஒரே கட்டடம் தொழில் மாற்றியதும் உண்டு. ஸ்டிக்கில்பாத்தில் இருக்கும் ஃபின்ச் பவுண்டரி முன்பு தானிய ஆலையாகவும் துணி ஆலையாகவும் இருந்தது. 1814-இல் அரிவாள், மண்வெட்டி அடிக்கும் பட்டறையாகி, 1960 வரை ஓடியது. ஆகவே “மாவு மில்லா, வேறு ஆலையா” என்ற கேள்விக்கு “இரண்டும்தான், வேறு வேறு காலத்தில்” என்பது பதிலாக வரலாம்.

காலத்தைப் பற்றிக் கல்லே சொல்லும் சேதி ஒன்று உண்டு. கருங்கல்லின் உடைத்த விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். நீளமான ஆப்புக் குழிகளின் வரிசை இருந்தால் அது ஏறக்குறைய 1800-க்கு முந்திய முறை. துளைப்பான் போட்ட உருண்டைத் துளைகளின் பாதி வரிசையாகத் தெரிந்தால் 1800-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ உடைத்த கல். கதவு நிலை, சக்கரக்குழிச் சுவர், மூலைக்கல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சுவரில் புதுக் கதவு வைத்ததும் தெரியும், பழைய கல்லைப் புதுச் சுவரில் போட்டதும் தெரியும். ஆண்டு செதுக்கிய கல் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அது பழுது பார்த்த ஆண்டாக இருக்கலாம், வேறு வீட்டிலிருந்து வந்த கல்லாகவும் இருக்கலாம்.

5. டைத் வரைபடத்தில் உங்கள் மனையைக் கண்டுபிடியுங்கள்

செலவு: டெவனுக்கு இலவசம். இந்தத் தேடலில் உங்களுக்கு அதிகம் கொடுக்கப்போகும் ஆவணம் இதுதான்.

தேவாலயத்துக்குத் தர வேண்டிய ‘டைத்’ எனும் தசமபாகத்தைப் பணமாக மாற்ற 1836-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்காக பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) பாரிஷாக நிலம் அளந்து வரைபடம் போட்டார்கள். கூடவே ஒரு பட்டியல். மனை எண், உரிமையாளர், அனுபவிப்பவர், மனையின் பெயர், பயிர், பரப்பளவு எல்லாம் அதில் வரும். நம் ஊரில் எஃப்.எம்.பி. வரைபடத்தையும் அடங்கலையும் சேர்த்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். டெவனின் வரைபடங்களைக் கவுன்ட்டி கவுன்சில் இணையத்தில் வைத்திருக்கிறது. மூலப் பிரதிகள் லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.ஆர். 29, ஐ.ஆர். 30 என்ற தொகுதிகளில் இருக்கின்றன.

உங்கள் மனையை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். சுற்றியுள்ள ஐந்தாறு மனைகளின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். மில் மெடோ, லீட் ஃபீல்டு, ராக் பார்க் போன்ற பெயர்கள் கட்டடம் அழிந்த பிறகும் தங்கிவிடும். பட்டியலில் ஆலை ‘வீடும் தோட்டமும்’ என்று மட்டும் இருந்தால், ஏறக்குறைய 1840-இலேயே அது ஓடவில்லையோ என்று கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

டார்ட்மூருக்கே உரிய சிக்கல் ஒன்று: மூரின் நடுப்பகுதியான ‘ஃபாரஸ்ட் ஆஃப் டார்ட்மூர்’ முழுவதும் அந்தக் காலத்தில் வெகுதூரத்தில் இருக்கும் லிட்ஃபர்ட் பாரிஷைச் சேர்ந்ததாக இருந்தது. உங்கள் ஆலை அதற்குள் இருந்தால், பக்கத்து ஊரின் பாரிஷ் ஆவணங்களில் எவ்வளவு தேடினாலும் வராது.

6. அங்கிருந்து இன்றுவரை வந்து பாருங்கள்

டைத் பட்டியலில் கிடைத்த பெயரை வைத்து 1841 முதல் 1921 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் பாருங்கள். சந்தா கட்டும் முன் உள்ளூர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள், பல நூலகங்களில் இந்தத் தளங்களை இலவசமாகப் பயன்படுத்தலாம். 1931 கணக்கெடுப்பு 1942-இல் தீயில் அழிந்துவிட்டது, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வொயிட் 1850, அதன் பின் வந்த கெல்லி ஆகிய வணிக டைரக்டரிகள் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசம்.

கணக்கெடுப்பில் ‘மில்லர்’ என்று எழுதியிருப்பவர் உங்கள் மில்லில்தான் வேலை செய்தார் என்று கொள்ளக் கூடாது. கணக்கெடுத்தவர் எந்த வழியாக நடந்து வந்தார் என்று முன்பின் வீடுகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்த மில் என்று தெரியும்.

1910-ஆம் ஆண்டின் நில மதிப்பீட்டுப் பதிவைத் தவறவிடாதீர்கள். க்யூவில் ஐ.ஆர். 58 என்ற தொகுதி. கட்டடம் எந்த நிலையில் இருந்தது, வாடகை எவ்வளவு, சக்கரம் ஓடியதா என்றெல்லாம் அதிகாரி கைப்பட எழுதிய குறிப்பு சில இடங்களில் உண்டு. ஆனால் இதற்கு இரண்டு ஆவணம் பார்க்க வேண்டும். முதலில் வரைபடத்தில் சொத்து எண், பிறகு அந்த எண்ணைக் கொண்டு களப்புத்தகம். க்யூவுக்கு ஒரு நாள் போகிறவர்கள் இரண்டுக்கும் சேர்த்தே நேரம் ஒதுக்குங்கள்.

7. 1840-க்கு முன்னால் போக நான்கு படிக்கட்டுகள்

முதலில் நிலவரிப் பட்டியல். 1780 முதல் 1832 வரை ஆண்டுதோறும் உரிமையாளர், குடியிருப்பவர் பெயர் வரும். சொத்தின் பெயர் சில ஆண்டுகளில் இருக்காது. ஆனால் வரித்தொகை பெரும்பாலும் மாறாமல் இருப்பதால், டைத் காலத்துப் பெயரிலிருந்து பின்னோக்கி ஒவ்வோர் ஆண்டாக அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

இரண்டாவது, பெஞ்சமின் டான் 1765-இல் வெளியிட்ட டெவன் வரைபடம். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்தான். அதில் மில் குறி இருந்தால் நல்லது. இல்லையென்றால் மில் இல்லை என்று அர்த்தமல்ல.

மூன்றாவது, செய்தித்தாள். டிரூமன்ஸ் எக்ஸிட்டர் ஃபிளையிங் போஸ்ட் 1763 முதல் வந்தது. ‘குத்தகைக்கு விடப்படும்’ விளம்பரங்களில் எத்தனை ஜோடிக் கல், தண்ணீர் வரத்து எப்படி, எவ்வளவு நிலம் என்று எல்லாம் இருக்கும். தீப்பிடித்த செய்தி கிடைத்தால் கட்டடம் மாறிய ஆண்டே கிடைத்த மாதிரி. தீக் காப்பீட்டு நிறுவனமான சன் ஃபயர் ஆபீசின் பதிவேடுகள் க்யூவில் அல்ல, ‘லண்டன் ஆர்க்கைவ்ஸ்’ என்ற வேறொரு காப்பகத்தில் இருக்கின்றன. சுவர் கல்லா, கூரை வைக்கோலா என்பதுகூட அவற்றில் வரும்.

நான்காவது, குத்தகைப் பத்திரம். டெவனில் ‘மூன்று உயிர்’ குத்தகை மிகச் சாதாரணம். 99 ஆண்டு என்று எழுதியிருக்கும், ஆனால் பத்திரத்தில் பெயர் சொல்லிய மூவரும் இறந்துவிட்டால் குத்தகை முடிந்துவிடும். அந்த மூவரில் ஒருவர் கைக்குழந்தையாகக்கூட இருப்பார். குத்தகை எடுத்தவர் வேறு ஊர் வியாபாரியாக இருந்து, மில்லை உள்குத்தகைக்கு விட்டிருக்கலாம். எனவே பத்திரத்தில் பெயர் இருக்கிறது என்பதற்காக அவரை மாவு அரைத்தவராக்கிவிடாதீர்கள்.

உயில்களைத் தேடுபவர்களுக்கு ஒரு செய்தி. எக்ஸிட்டரில் வைத்திருந்த டெவன் உயில்கள் 1942 குண்டுவீச்சில் எரிந்துபோயின. ஆனால் 1812 முதல் 1857 வரையிலான உயில்களுக்கு வரித்துறை எடுத்துவைத்த பிரதிகள் தப்பின. எக்ஸிட்டரில் உள்ள டெவன் ஹெரிட்டேஜ் சென்டரில் கேளுங்கள். வசதியானவர்களின் உயில்கள் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் பதிவானதால் க்யூவில் இருக்கின்றன.

8. காப்பகத்துக்குப் போகும் நாள்

க்யூவில் மூல ஆவணம் பார்க்க ரீடர்ஸ் டிக்கெட் வேண்டும். கட்டணம் இல்லை. அடையாளத்துக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என இரண்டு சான்று கேட்பார்கள். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் அடையாளத்துக்குப் போதும். முகவரிக்கு வங்கி அறிக்கையோ மின் கட்டண ரசீதோ, அண்மையதாக, அச்சிட்ட பிரதியாகவே கையில் வைத்திருங்கள். புதிதாக வந்து, எல்லா ரசீதும் வீட்டுக்காரர் பெயரில் இருப்பவர்கள் முதலில் வங்கி முகவரியை மாற்றிவிடுங்கள். மாவட்டக் காப்பகங்கள் பலவற்றுக்கும் சேர்த்து ‘ஆர்க்கைவ்ஸ் கார்டு’ என்று ஒன்று உண்டு, அதுவும் இலவசம்.

முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஞாயிறு, திங்களில் க்யூ மூடியிருக்கும். மாவட்டக் காப்பகங்கள் வாரத்தில் சில நாள்களே திறக்கும். சில தொகுதிகளைக் க்யூவிலேயே வைக்காமல் செஷயரில் ஓர் உப்புச் சுரங்கக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள். அவை வந்து சேரச் சில வேலைநாள் ஆகும், பட்டியலில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள். எக்ஸிட்டரிலிருந்து லண்டன் போய்வரும் கட்டணம்தான் இந்த முழு வேலையிலும் பெரிய செலவு. முன்கூட்டி எடுத்தால் பாதிக்குக் கீழேகூட வரும்.

உள்ளே பென்சில் மட்டும்தான். க்யூவில் சொந்தக் கேமராவில் படம் எடுக்கக் கட்டணம் இல்லை. மாவட்டக் காப்பகங்களில் பெரும்பாலும் நாள் கட்டணம் உண்டு. ஒவ்வோர் ஆவணத்தைப் படமெடுக்கும் முன்பும் அதன் எண் எழுதிய சீட்டை முதலில் படம் எடுங்கள். இது இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் எந்தப் பக்கம் எந்தக் கட்டிலிருந்து வந்தது என்று தெரியாது. எண் இல்லாத ஆதாரத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.

9. லத்தீன், பழைய தேதி, டூம்ஸ்டே

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இங்கு வருவதற்குள் உங்களிடம் இடமும் வகையும் கைமாறிய வரிசையும் இருக்க வேண்டும்.

மேனர் ஆவணங்கள் எந்தக் காப்பகத்தில் இருக்கின்றன என்பதை மேனோரியல் டாக்குமென்ட்ஸ் ரெஜிஸ்டரில் பார்க்கலாம், இணையத்தில் இலவசம். மூரின் கணிசமான பகுதி, பட்டத்து இளவரசரின் எஸ்டேட்டான டச்சி ஆஃப் கார்ன்வாலுக்குச் சொந்தம் என்பதால் டச்சிக் கணக்குகளையும் பார்க்க வேண்டிவரும். 1733 வரை நீதிமன்றப் பதிவுகள் லத்தீனில் இருக்கும். 1650-களில் மட்டும் சில ஆண்டு ஆங்கிலம். பழைய கையெழுத்தையும் லத்தீனையும் படிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் இலவச இணையப் பாடம் நடத்துகிறது. பாடத்துக்குச் சில மாத மாலைகள் தேவைப்படும். பொறுமை இல்லையென்றால், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிப் படித்துத் தரும் ஆய்வாளர்கள் உண்டு. மொத்தக் கட்டையும் கொடுக்காமல், மில் என்ற சொல் வரும் பக்கங்களை மட்டும் கொடுங்கள். லத்தீனில் அது ‘மொலெண்டினம்’. இந்த ஒரு சொல்லைக் கண்ணால் பிடிக்கப் பழகினாலே செலவு வெகுவாகக் குறையும்.

தேதியில் கவனம். 1752-க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. ஆவணத்தில் 10 பிப்ரவரி 1648 என்றிருந்தால் அது நம் கணக்கில் 1649. எட்டாம் ஹென்றியின் 21-ஆம் ஆண்டு என்றிருந்தால் 1529 ஏப்ரல் முதல் 1530 ஏப்ரல் வரை. இன்னொன்று: ‘ஒரே கூரையின் கீழ் இரண்டு மில்’ என்று வரும்போது இரண்டு கட்டடங்களைத் தேடி அலையாதீர்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு ஜோடி எந்திரக்கல் என்பதையே அப்படி எழுதினார்கள்.

சரி, டூம்ஸ்டே. 1086-இல் எடுத்த அந்தக் கணக்கில் இங்கிலாந்து முழுவதும் சுமார் 6,000 மில்கள் வருகின்றன. காற்றாலை இங்கே 12-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது என்பதால், அவை தண்ணீரில் ஓடியவை என்று கொள்ளலாம். ஆனால் ஒரு மேனரில் மில் இருந்தது என்று மட்டும்தான் அந்தப் புத்தகம் சொல்லும். எந்த ஓடை, எந்தக் கரை என்று சொல்லாது. அந்த மேனரின் எல்லைக்குள் பிற்காலத்தில் நான்கு மில் இருந்திருந்தால், நான்கும் தங்களை டூம்ஸ்டே மில் என்று சொல்லிக்கொள்ளலாம், ஒன்றுகூட உண்மையாக இல்லாமலும் இருக்கலாம். உங்கள் ஆவண வரிசை 1600-இல் அறுந்தால் 1600-இலேயே நிறுத்துங்கள். துறவிகள் கட்டினார்கள் என்ற கதைக்கும் இதே அளவுகோல்தான். பக்ஃபாஸ்ட், டாவிஸ்டாக் மடங்களுக்கு அந்த நிலம் உரிமையாக இருந்ததற்கு ஆவணம் வேண்டும். அப்புறம் அந்த நிலத்தில் மில் இருந்ததற்குத் தனியாக இன்னோர் ஆவணம் வேண்டும்.

10. எழுதி, ஒப்படையுங்கள்

நீளமாக எழுத வேண்டாம், நான்கைந்து பக்கம் போதும். ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்றில் ஒரு வகையாகப் பிரியுங்கள்: ஆவணம் சொல்வது, கட்டடத்தில் கண்டது, என் ஊகம். ‘1765-க்கும் 1840-க்கும் இடையில் ஆதாரம் இல்லை’ என்று எழுதத் தயங்காதீர்கள். அந்த இடைவெளியின் பத்திரம் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருக்கும். நீங்கள் ஊகத்தால் நிரப்பிவிட்டால், அதை எடுத்து வருகிறவருக்கு அதன் மதிப்பு தெரியாமல் போகும்.

கிரிட் எண், எடுத்த தேதியோடு படங்கள், ஆவண எண்கள் ஆகியவற்றைச் சேர்த்து, முதலில் நில உரிமையாளருக்கு ஒரு பிரதி கொடுங்கள். தன் வீட்டு முகவரியோ பத்திர விவரமோ வெளியே போக வேண்டாம் என்று அவர் சொன்னால் அதை நீக்கிவிட்டுத் தேசியப் பூங்காவின் பதிவேட்டுக்கு அனுப்புங்கள். கட்டணம் கிடையாது. மாவு மில் என்று உறுதியானால் ரெடிங் நகரில் இருக்கும் மில்ஸ் ஆர்க்கைவ் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். ஆலைகளுக்கென்றே உள்ள காப்பகம் அது. இடிபாடு சரிந்துகொண்டிருக்கிறது, பாதுகாப்பு வேண்டும் என்று தோன்றினால், பட்டியலில் சேர்க்கக் கோரி ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சாதாரண விண்ணப்பம் இலவசம், பதிலுக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். விரைவாக வேண்டுமென்றால் கட்டணச் சேவை உண்டு. விண்ணப்பம் போட்டதும் உரிமையாளருக்குத் தகவல் போகும் என்பதால், அவரிடம் முன்பே பேசிவிட்டு அனுப்புங்கள்.